கடை வேலைச் சட்டம்: முதலாளியும் ஊழியரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியில் சிறிய, நடுத்தரக் கடைகளுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுப்பதும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), ஈஎஸ்ஐ (ஊழியர் அரசுக் காப்பீடு) கட்டுவதும்தான் என் பிழைப்பு. காலையில் முதலாளி கேட்ட அதே கேள்வியை மாலையில் அவர் கடையில் நிற்கும் பெண் வேறு மாதிரி கேட்பார். இருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இதில் இருப்பது தமிழ்நாட்டிலுள்ள கடைகளுக்கான விவரம்: துணிக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடை, சூப்பர் மார்க்கெட் மாதிரியானவை. தொழிற்சாலைக்கு விதிகள் வேறு. ஓட்டல்களுக்கு 1958-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது.

1. எங்க கடையில மொத்தமே ஆறு பேரு. எங்களுக்கெல்லாம் சட்டம் இருக்கா?

இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. வேலை நேரம், வார விடுமுறை, சம்பளத்துடன் கூடிய விடுப்பு, வேலையை விட்டு நிறுத்தும் முறை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இவற்றுக்கு ஆள் எண்ணிக்கை பார்ப்பதில்லை. ஒருவரை வைத்திருந்தாலும் பொருந்தும். முதலாளியின் குடும்பத்தார் மட்டுமே கல்லாவிலும் கவுன்ட்டரிலும் இருந்தால் கதை வேறு.

2. பத்து, இருபதுன்னு ஏதோ கணக்கு சொல்றாங்களே, அது என்ன?

பத்துப் பேரைத் தொட்டால் ஈஎஸ்ஐ, பணிக்கொடை (கிராஜுவிட்டி), மகப்பேறுச் சலுகை, பெண்கள் புகார் சொல்ல உள்ளகக் குழு எல்லாம் வந்துவிடும். 2024 ஜூலையிலிருந்து பத்துப் பேருக்குக் குறையாத கடைகள் தொழிலாளர் துறையில் பதிவும் செய்ய வேண்டும். இருபதைத் தொட்டால் பிஎஃப், போனஸ்.

இந்த இரண்டு எண்களைச் சுற்றித்தான் ஊரில் பாதிக் குழப்பம். நான் போகிற கடைகளில் பதிவேட்டில் ஒன்பது பெயர் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பதினான்கு டிபன் பாக்ஸ் திறக்கும். அதைப் பற்றி 16-ஆம் கேள்வியில் பேசுவோம்.

3. காலையில ஒன்பதரைக்குப் போனா ராத்திரி ஒன்பதரைக்குத்தான் விடுறாங்க. இது சரியா?

சரியில்லை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான் சட்டம். தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து, கடைக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வருவது வரை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஓவர்டைம் சேர்த்தாலும் ஒரு நாளைக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணிதான் உச்சம். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒன்பதரை முதல் ஒன்பதரை வரை 12 மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போனால் வேலை 11 மணி. பத்தைத் தாண்டிவிட்டது. வாரம் ஆறு நாளும் இப்படியே என்றால் 66 மணி, அதாவது உச்ச வரம்புக்கு மேல் 12 மணி. மாதச் சம்பளம் 14,300 ரூபாய் என்று வையுங்கள். 26 நாளால் வகுத்தால் தினக்கூலி 550. அதை எட்டால் வகுத்தால் மணிக்கு 68.75. ஓவர்டைம் கூலி மணிக்கு 137.50. இந்தப் பணத்தைக் கையில் கொடுக்கும் கடையை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. பதினொரு மணி நேரம் நிற்கவைப்பதற்குப் பதில் காலைக்கு ஒரு குழு, மதியத்துக்கு மேல் ஒரு குழு என்று நேரத்தைப் பிரித்தால் கூட்டமில்லாத காலை வேளையில் பாதிப் பேர் போதும். கடைத்தெருவில் உண்மையான வியாபாரம் மாலை ஐந்துக்கு மேல்தான் என்பது உங்களுக்கே தெரியும்.

4. உட்கார சட்டம் இருக்குன்னு சொல்றாங்க, நிஜமா?

நிஜம்தான். கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் வழியாகப் பல ஆண்டுகள் போராடி 2018-இல் அங்கே இந்த உரிமையை வாங்கினார்கள். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் திருத்தம் வந்தது. வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் கிடைத்தால் உட்காருவதற்கு எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது.

ஒரு துணிக்கடையில் கணக்கு வாங்கப் போயிருந்தேன். மூன்றாவது மாடி, சேலைப் பிரிவு. ஸ்டூல் போட்டிருக்கிறோம் என்று மேலாளர் காட்டினார். ஆறு ஸ்டூல், ஆறின் மேலும் காட்டன் சேலைப் பெட்டிகள். அங்கே நின்ற அக்கா ஒருவர், கூட்டம் இல்லாத நேரத்தில் கவுன்ட்டருக்கு அடியில் ஒரு காலைத் தூக்கி மறு காலின் மேல் தேய்த்துக்கொண்டிருந்தார். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு தெரிந்தது. வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைப்பாராம். ஸ்டூல் வாங்கிப் போடுவது மட்டும் சட்டத்தை நிறைவேற்றுவது ஆகாது. உட்கார்ந்தவரை ‘என்ன, உட்கார்ந்தாச்சா?’ என்று கேட்காமலும் இருக்க வேண்டும்.

5. வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு உண்டு?

வாரம் ஒரு நாள் விடுமுறை கட்டாயம். அது போக, சேர்ந்த முதல் ஆண்டிலேயே உடல்நலக் குறைவுக்கு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள் உண்டு. ஓராண்டு முடிந்ததும் சம்பளத்துடன் இன்னொரு 12 நாள் விடுமுறை சேரும். அதை எடுக்காமல் 24 நாள் வரை சேர்த்தும் வைக்கலாம்.

பண்டிகை நாள்கள் தனி. தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என நான்கும், பண்டிகைகளுக்கு ஐந்தும், மொத்தம் ஒன்பது. அந்த நாளில் வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை. தேர்தலில் ஓட்டுப் போடும் நாளுக்கும் சம்பளத்துடன் விடுமுறை உண்டு.

6. 24 மணி நேரமும் கடை திறக்கலாம்னு அரசாங்கமே சொல்லிடுச்சே, அப்ப வார லீவு கிடையாதா?

கடை திறந்திருக்கலாம் என்றுதான் சொன்னார்கள். ஆள் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 2019-இல் வந்த அந்த ஆணை, பிறகு நீட்டிக்கப்பட்டது. பத்துப் பேருக்குக் குறையாத கடைகளுக்கு மட்டும் அது பொருந்தும். சுழற்சி முறையில் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு நாள் விடுமுறை, சம்பளம் வங்கிக் கணக்கில், பெண்களை இரவு எட்டு மணிக்கு மேல் வேலை வாங்க எழுத்து மூலமான சம்மதமும் பாதுகாப்பும் என்று நிபந்தனைகள் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

7. பிடித்தம் எல்லாம் வேண்டாம் சார், முழுசா கையில கொடுக்கச் சொல்லுங்க.

இதைக் கேட்பவர் முதலாளி இல்லை, ஊழியர். வாரம் ஒருவராவது கேட்கிறார். வாடகையும் சீட்டுப் பணமும் நெருக்கும்போது கையில் வருவதுதான் கண்ணுக்குத் தெரியும். புரிகிறது. ஆனால் விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கும் இல்லை, உங்களை விட்டுவிடும் உரிமை முதலாளிக்கும் இல்லை.

3-ஆம் கேள்வியில் போட்ட 14,300 ரூபாய்ச் சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். ஈஎஸ்ஐக்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம், 108 ரூபாய். கடையின் பங்கு 3.25 சதவீதம், 465 ரூபாய். இந்த 573 ரூபாய்க்கு உங்களுக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம். நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இதில் வருவார்கள். பிஎஃப்பில் நீங்கள் 12 சதவீதம், அதாவது 1,716 ரூபாய் கட்டினால், கடையும் அதே 1,716 போடுகிறது. உங்கள் பணத்துக்கு அன்றே இன்னொரு மடங்கு சேருகிறது. எந்தச் சீட்டுக் கம்பெனியும் இதைத் தராது.

பிடித்த பணம் நிஜமாகவே கட்டப்படுகிறதா என்று பார்க்க உங்கள் பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணை வாங்கி வையுங்கள். பாஸ்புக்கைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது சாதாரணத் தாமதம் இல்லை, குற்றம்.

8. கடைக்காரன் நான் எதுக்கு இதெல்லாம் கட்டணும்? எனக்கு என்ன லாபம்?

ஒரு உதாரணம் சொன்னால் போதும். பத்துப் பேர் இருக்கும் கடையில் ஒரு பெண்ணுக்குப் பேறுகாலம். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளம் தர வேண்டும். அவர் ஈஎஸ்ஐயில் இருந்து, தேவையான நாள்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், அந்தப் பணத்தை ஈஎஸ்ஐ கழகம் தருகிறது. அவரைச் சேர்க்காமல் விட்டிருந்தால் அது உங்கள் கல்லாவிலிருந்துதான் போகும். 14,300 சம்பளத்துக்கு ஆறு மாதம் என்றால் 85,800 ரூபாய். மாதம் 465 ரூபாயை மிச்சம் பிடித்ததற்கு இந்த விலை.

பேறுகால விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்கினால் அது செல்லாது. ‘கல்யாணமான பொண்ணுங்களை எடுக்கறதே இல்ல சார்’ என்று சொல்லும் முதலாளிகள் பெரும்பாலும் இந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்றே தெரியாதவர்கள்.

9. பத்து நிமிஷம் லேட்டா போனா அரை நாள் சம்பளத்தை வெட்டுறாங்க. கல்லாவுல பணம் குறைஞ்சா எல்லாருக்கும் பங்கு போட்டுப் பிடிக்கிறாங்க.

இரண்டும் தவறு. வராத நேரத்துக்கு ஏற்ற அளவுதான் பிடிக்கலாம். பத்து நிமிடத்துக்குப் பத்து நிமிடக் கூலி. 3-ஆம் கேள்வியின் கணக்குப்படி அது சுமார் பதினொன்றரை ரூபாய். அரை நாள் என்றால் 275. மீதி 263 ரூபாயைப் பிடிக்க இடமில்லை. அபராதம் என்று போட்டாலும் அந்த மாதச் சம்பளத்தில் மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கல்லாவில் குறைந்தால், அந்தப் பணம் யார் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டதோ அவருடைய கவனக் குறைவால் நேர்ந்தது என்று தெரிந்தால்தான் அவரிடம் பிடிக்கலாம். அதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும். மேல்மாடியில் சுடிதார் மடித்துக்கொண்டிருந்தவர் கீழ்க் கல்லாவுக்குப் பொறுப்பாக முடியாது. எந்தப் பெயரில் பிடித்தாலும் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

10. சம்பளம் எட்டாயிரம்தான். தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கிறோம்ல, அது போதாதான்னு கேக்கிறாங்க.

போதாது. கடை ஊழியர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை அரசு நிர்ணயிக்கிறது. அடிப்படைக் கூலியோடு அகவிலைப்படி சேரும். சென்னை விலைவாசிக் குறியீட்டை வைத்து ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் அந்தப் படி மாறும். நடப்பாண்டுத் தொகையைத் தொழிலாளர் துறை வெளியிடுகிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூலியைப் பணமாகத்தான் தர வேண்டும். மூன்று வேளைச் சோற்றைக் கூலிக்கு ஈடாகக் காட்ட முடியாது. வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கும் இதே கூலிதான், இதே பிஎஃப், ஈஎஸ்ஐதான்.

11. தீபாவளி போனஸ் சட்டப்படி உண்டா, இல்ல முதலாளி மனசா?

இருபது பேருக்குக் குறையாத இடத்தில் சட்டப்படி உண்டு. ஆண்டில் 30 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும், சம்பளம் மாதம் 21,000-க்குள் இருக்க வேண்டும். குறைந்தது 8.33 சதவீதம், அதிகம் 20 சதவீதம். கணக்குக்கு 7,000 ரூபாய் அல்லது குறைந்தபட்சக் கூலி, இதில் எது அதிகமோ அது. சுருக்கமாகச் சொன்னால், ஆண்டு முழுக்க வேலை பார்த்தவருக்கு ஒரு மாதக் குறைந்தபட்சக் கூலி அளவுக்கு வரும். கடை நஷ்டத்தில் ஓடினாலும் இந்தக் குறைந்தபட்சம் உண்டு.

இருபதுக்குக் கீழே என்றால் வழக்கம்தான் பேசும். ஒரு சேலை, ஒரு கிலோ இனிப்பு, கவரில் கொஞ்சம் பணம். அதற்குச் சட்டத்தைக் கூப்பிட முடியாது.

12. அஞ்சு வருஷம் முடியறதுக்கு முன்னாடி நிறுத்திட்டா கிராஜுவிட்டி கிடையாதாமே?

பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்தாண்டுத் தொடர் வேலை வேண்டும். ஆனால் ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை பார்த்துவிட்டால் அதை முழு ஆண்டாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. நான்கு ஆண்டு பத்து மாதத்தில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கும் முதலாளிகள் இதைக் கவனிக்க வேண்டும். இறப்புக்கும் ஊனத்துக்கும் ஐந்தாண்டு என்ற நிபந்தனையே இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுத்து மூலம் எடுத்தவர்களுக்கு, புதிய சட்டத்தில் (17-ஆம் கேள்வியைப் பாருங்கள்) ஓராண்டு போதும்.

கணக்கு எளிது. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்குங்கள். 14,300 ரூபாய், ஒன்பது ஆண்டு என்றால் 74,250. வேலையை விட்ட 30 நாளுக்குள் தர வேண்டும். ராஜினாமா செய்தவருக்கும் உண்டு. ‘அவனாத்தானே போனான்’ என்பது பதில் ஆகாது.

13. ‘நாளையிலேருந்து வராத’ன்னு வாய்ல சொல்லி அனுப்பிட்டாங்க. என்ன பண்றது?

ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். கடைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு இதுதான். எதிர்த்து மேல்முறையீடு செய்யத் தொழிலாளர் துறையில் அதிகாரி இருக்கிறார். அதற்கு 30 நாள்தான் அவகாசம். ‘தீபாவளி முடியட்டும்’ என்று காத்திருந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது ஒன்று. வாயால் சொன்னதை நாளை அவர்கள் மறுப்பார்கள். ‘அவராகத்தான் வரவில்லை’ என்பார்கள். அதனால் அன்றைக்கே ‘இன்ன தேதியில் என்னை வர வேண்டாம் என்றீர்கள், நான் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்’ என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். வாட்ஸ்ஆப்பிலும் அனுப்புங்கள். இரண்டு வரி போதும். கணக்கு முடித்துத் தர வேண்டிய சம்பளத்தை, புதிய ஊதியச் சட்டப்படி இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். வெறும் தாளிலோ தொகை எழுதாத வவுச்சரிலோ கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

14. கையும் களவுமா புடிச்சேன் சார். திருடினவனுக்கும் ஒரு மாச நோட்டீஸா?

வேண்டாம். ஆனால் விசாரணை வேண்டும். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, அவர் பதிலை வாங்கி, ஒரு நாள் உட்காரவைத்துச் சாட்சியைப் பதிவு செய்து, பிறகு நீக்கினால் முன்னறிவிப்பு தேவையில்லை. கண்காணிப்புக் கேமராக் காட்சி கையில் இருந்தும், இந்த நான்கு தாள் இல்லாததால் நீக்கியது செல்லாமல் போய் மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்ட முதலாளி எனக்குத் தெரிந்தவர்தான். கேமராவுக்கு நாற்பதாயிரம் செலவழித்தவர், குற்றச்சாட்டுக் கடிதம் எழுத ஒரு மணி நேரம் ஒதுக்கவில்லை.

விசாரணை முடியும்வரை தற்காலிகமாக நிறுத்திவைத்தால் பிழைப்பூதியம் தர வேண்டும்: முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். இழுத்தடிப்பது உங்களுக்குத்தான் செலவு.

15. அட்வான்ஸ் வாங்கிட்டுச் சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டான். சர்ட்டிஃபிகேட் என்கிட்டதான் இருக்கு, குடுக்க மாட்டேன்.

கொடுத்துவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் அவருடையது. அதை அடகுப் பொருளாக வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. வேலை பார்த்த நாள்களுக்குச் சம்பளமும் தர வேண்டும். முன்பணத்தை அதில் கழிக்கலாம், 9-இல் சொன்ன பாதி வரம்புக்குள். மீதிக்கு உரிமையியல் வழக்குத்தான் வழி. ‘கடனை அடைக்கிற வரைக்கும் வெளியே போகக் கூடாது’ என்று ஆளை நிறுத்திவைத்தால், அது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் போய் நிற்கும். அந்த வழக்கு முன்பணத்தைவிடப் பெரியது.

இரண்டு வருடம் இருந்தே ஆக வேண்டும் என்று பாண்டு எழுதி வாங்குவதைப் பற்றியும் இதோடு கேட்பார்கள். பாண்டு எல்லாமே செல்லாது என்று சொல்ல முடியாது. ஒரு பொதுத்துறை வங்கி போட்ட இரண்டு லட்சம் ரூபாய் பாண்டை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அங்கே ஆள் எடுக்கவே தேர்வு நடத்திச் செலவு செய்ய வேண்டியிருந்தது. சேலை மடிக்கக் கற்றுக்கொடுத்ததற்கு ஐம்பதாயிரம் கேட்டால், அந்தச் செலவு எங்கே ஆனது என்று காட்ட வேண்டிவரும்.

16. ஒன்பது பேர் ஒரு பேர்ல, ஒன்பது பேர் என் தம்பி பேர்ல. இப்ப ஈஎஸ்ஐ வராதுல்ல?

வரும். ஒரே கல்லா, ஒரே குடோன், ஒரே மேலாளர், ஆள்கள் இங்கேயும் அங்கேயும் மாறி மாறி நிற்கிறார்கள் என்றால், பெயர்ப் பலகை எத்தனை இருந்தாலும் ஒரே நிறுவனம்தான். பிஎஃப் சட்டம் கிளைகளையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்த காவலாளியும் துப்புரவுப் பணியாளரும் கணக்கில் சேருவார்கள்.

இன்னொன்று. ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், பிறகு ஆள் எண்ணிக்கை குறைந்தாலும் வெளியே போக முடியாது. ‘இப்ப பதினெட்டுப் பேர்தான், பிஎஃப்பை நிறுத்திடலாமா?’ என்று கேட்டவருக்கு நான் சொன்னதும் இதுதான். மறைத்து வைத்துப் பல ஆண்டு கழித்துப் பிடிபட்டால், பாக்கியோடு வட்டியும் தண்டத் தொகையும் சேரும். அதில் ஊழியரின் பங்கையும் நீங்களே கட்ட வேண்டியிருக்கும். பழைய ஆள்களைத் தேடிப் பிடித்து அவர்கள் பங்கை வசூலிக்க முடியுமா?

17. புதுச் சட்டம் வந்தாச்சே, இனிமே பன்னெண்டு மணி நேர வேலைதானாமே?

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 29 பழைய சட்டங்கள் அவற்றுக்குள் போய்விட்டன. ஆனால் நம் கடைச் சட்டம் மாநிலச் சட்டம். அது அப்படியே இருக்கிறது. 3-இல் சொன்ன எட்டு மணி நேரம் மாறவில்லை. தமிழ்நாட்டில் பன்னிரண்டு மணி நேரப் பேச்சு எழுந்தது 2023 ஏப்ரலில். அது தொழிற்சாலைகளுக்கான மசோதா. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. வாட்ஸ்ஆப்பில் இன்னும் சுற்றுகிறது.

உண்மையில் மாறியது வேறு. எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். அப்புறம், சம்பளத்தை உடைத்து எழுதும் பழைய வித்தை இனி எடுபடாது. 14,300-இல் அடிப்படைச் சம்பளம் 5,000, மீதி வீட்டுவாடகைப் படி, பயணப்படி, சலவைப் படி என்று எழுதி, 5,000-க்கு மட்டும் பிஎஃப் கட்டுவார்கள். இப்போது படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் சம்பளமாகவே எடுத்துக்கொள்ளப்படும். இங்கே குறைந்தது 7,150-க்குக் கணக்கு. எல்லோருக்கும் ஒரே மாதிரி தரும் படிக்குப் பிஎஃப் உண்டு என்று 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

18. பத்தாவது பரீட்சை எழுதின பையன், லீவுக்குக் கடைக்கு வரட்டுமான்னு கேக்கிறான்.

14 வயது நிறையாவிட்டால் வேண்டாம். நிறைந்து 17 முடியாதவர் என்றால் காலை ஆறு முதல் மாலை ஏழுக்குள், நாளைக்கு ஏழு மணி நேரம், வாரத்துக்கு 42 மணி நேரம்தான். ஓவர்டைம் கிடையாது. வயதுச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

19. மேனேஜர் தொந்தரவு குடுக்கிறாரு. கடையில மொத்தம் ஏழு பேருதான், யார்கிட்ட சொல்றது?

வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொந்தரவு கொடுப்பதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சிறிய கடைக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறையாத இடத்தில் கடைக்குள்ளேயே குழு இருக்க வேண்டும். குறைவாக இருந்தாலும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள்.

20. என் பேரு எந்த நோட்டிலயும் இல்ல. வேலை பார்த்தேன்னே எப்படி நிரூபிக்கிறது?

பதிவேட்டில் பெயர் இல்லாதது உங்கள் குற்றம் இல்லை. பதிவேடு வைக்கும் கடமை முதலாளியுடையது. உங்களிடம் இருப்பதைத் தேடுங்கள். சம்பளம் ஜிபேயில் வந்திருந்தால் வங்கிக் கணக்குத் தாள். கடையின் வாட்ஸ்ஆப் குழுவில் ‘நாளைக்கு ஆறாவது மாடிக்குப் போ’ என்று வந்த செய்தி. சீருடை, அடையாள அட்டை, ஆயுத பூஜைக்கு எல்லோரும் நின்று எடுத்த படம். பில்லில் விற்பனையாளர் எண் அச்சாகும். உங்கள் எண் உள்ள பில் ஒன்றிரண்டு இருந்தால் நல்லது. ஒரு பாத்திரக்கடை அண்ணன் ஏழு வருடமாகத் தன் வரவை வீட்டு நாள்காட்டித் தாளின் பின்பக்கம் குறித்துவைத்திருந்தார். விசாரணையில் அந்தக் கட்டையும் எடுத்துப் பார்த்தார்கள்.

21. லேபர் இன்ஸ்பெக்டர் வந்தா என்ன கேப்பாரு?

வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், விடுப்புக் கணக்கு, வார விடுமுறை யாருக்கு எந்த நாள் என்று ஒட்டிய அறிவிப்பு, நியமனக் கடித நகல்கள், ஈஎஸ்ஐ, பிஎஃப் கட்டிய ரசீது. ஊழியர் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு எத்தனை மணிக்கு வருவீர்கள், எத்தனை மணிக்குப் போவீர்கள் என்றும் கேட்பார். அந்தப் பதிலும் பதிவேடும் ஒத்துப்போக வேண்டும். மாதம் முப்பது நாளும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், எல்லோருக்கும் 9.30 என்று ஒரே இரவில் எழுதிய பதிவேட்டை அவர் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார். நானும் அப்படித்தான், மாதக் கடைசியில் அந்த நோட்டை என்னிடம் தந்து ‘நிரப்பிக் குடுங்க சார்’ என்று கேட்பவர்களுக்கு, அதை மட்டும் நான் செய்வதில்லை.